உளவியல் வகுப்பில் ஒரு கைக்கண்ணாடி

உளவியல் படிக்கின்றேன் என்று ஒரு மாணவன் ஊரில் வாய் திறந்து சொல்லிவிட்டால், அவனுக்காக இரண்டு கேள்விகள் காத்திருக்கின்றன. "அப்படியானால் இப்போது என் மனத்தில் என்ன இருக்கிறது, சொல் பார்ப்போம்" என்பது ஒன்று. "அதைப் படித்து என்ன உத்தியோகம் பார்ப்பாய்?" என்பது மற்றொன்று. முதலாவதைக் கேட்பவர் பெரும்பாலும் மாமன் முறையினர். இரண்டாவதைக் கேட்பவர் பெற்றோர். பெற்றோருக்குச் சொல்ல விடை இருக்கின்றது. ஆசிரியத் தொழிலுக்குப் போகின்றவன் அப்பாடத்தைப் படித்தேயாக வேண்டும். பாடசாலைகளிலும் வைத்தியசாலைகளிலும் உளவளத்துணைப் பணிக்கு ஆட்கள் தேவைப்படுகின்றனர். மாமனின் கேள்விதான் எம்மைச் சிந்திக்க வைப்பது. உளவியல் என்பது பிறர் மனத்தை எட்டிப் பார்க்கும் வித்தை என்று அவர் எண்ணிக்கொண்டிருக்கின்றார். அதற்காக அவரைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால், கல்லூரியில் இரண்டு மூன்று ஆண்டுகள் அப்பாடத்தைக் கேட்ட பிள்ளையும் ஏறத்தாழ அதே எண்ணத்துடன் வெளியேறுகின்றானே, அது ஏன்?

விடை தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. வகுப்பறையின் யன்னலருகே ஐந்து நிமிடம் நின்று கேட்டாற் போதும். உள்ளே ஆசிரியர் சொல்கின்றார், மாணவர் எழுதுகின்றனர். "பவ்லோவ், உருசிய நாட்டு உடலியலாளர், முற்றுப்புள்ளி" என்று குரல் கேட்கும். நாய்க்கு எச்சில் ஊறிய கதை நாற்பது குறிப்பேடுகளில் ஒரே சொற்களில் ஏறிக்கொண்டிருக்கும். தூண்டல், துலங்கல், மீளவலியுறுத்தல், நுண்மதி ஈவு என அருமையான கலைச்சொற்களைத் தமிழறிஞர் எமக்கு ஆக்கித் தந்திருக்கின்றனர். அவற்றை மனனஞ் செய்த பிள்ளைக்கு, இடைவேளை மணி கேட்டவுடன் தன் வாயில் நீர் ஊறுவதும் அந்தப் பாடத்தைச் சேர்ந்ததே என்று தோன்றுவதில்லை. குறிப்பேட்டில் இருப்பது பவ்லோவின் நாய். அதற்கும் தனக்கும் சம்பந்தம் இல்லை என்று அவன் நினைத்துக்கொள்கின்றான்.

பிற பாடங்களில் இப்படி நேர்ந்தால் அந்தப் பிள்ளைக்கு மட்டுமே நட்டம். உளவியலில் அந்த நட்டம் வேறு பிள்ளைகளின் தலையிற் போய் விழுகின்றது. நாம் இதனை எழுதுவது பதுளையை அடுத்த ஸ்பிரிங்வெளியில் இருந்துகொண்டு. எம்மிடம் கல்வி உளவியல் கேட்க வருவோருட் பலர் ஸ்பிரிங்வெளி, பசறை, தெமோதரை, ஹாலிஎல ஆகிய பக்கத்துத் தோட்டங்களிற் பிறந்து வளர்ந்தவர்கள். படிப்பு முடிந்ததும் அவர்கள் செல்வது அந்தத் தோட்டப் பாடசாலைகளுக்கே. தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி அளிக்கும் கடமையை 1920ஆம் ஆண்டுச் சட்டம் தோட்ட நிர்வாகத்தின்மீது சுமத்தியது. ஆயினும் நடைமுறையில் ஓர் ஆசிரியர், ஓர் அறை, சில மணி நேரம் என்பதே பல தோட்டங்களின் நிலையாக இருந்தது. 1970களில் அப்பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது. பின்னர் கொட்டகலைக்கு அண்மையில், பத்தனையிலே, ஸ்ரீ பாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. லயத்துப் பிள்ளைகளே பயிற்சி பெற்ற ஆசிரியராகித் தம் தோட்டத்துக்குத் திரும்பும் காலம் வந்தது. இவ்வளவு தூரம் வந்த பின்னரும், ஆசிரியர் ஓய்வறையில் ஒரு சொல் இன்னும் கேட்கின்றது. "இவனுக்குப் படிப்பு ஏறாது." சொல்பவர் கையில் உளவியற் சான்றிதழ் இருக்கின்றது. பசியோடு வந்த பிள்ளை, செவி சரியாகக் கேளாத பிள்ளை, இரவெல்லாம் வீட்டுச் சச்சரவில் உறங்காத பிள்ளை, உண்மையிலேயே மெதுவாகக் கற்கும் பிள்ளை ஆகிய எல்லோருக்கும் அந்த ஒரே சொல்தான். குறிப்பேட்டு உளவியல் இதைத் தடுப்பதில்லை. "மந்தமதி" என்று அதற்கு ஒரு கௌரவமான பெயரைக் கொடுத்து உதவியும் செய்கின்றது.

இத்தனைக்கும், இந்தப் பாடம் பிறந்ததே குறிப்பேட்டில் அன்று. 1879இல் செருமனியின் லைப்சிக் நகரில் வூண்ட் என்பவர் உளவியலுக்கென ஆய்வுகூடம் அமைத்தார். அங்கே ஆசிரியரும் மாணவரும் முறைமாறி ஒருவரையொருவர் சோதித்துக்கொண்டனர். இன்று அளப்பவன் நாளை அளக்கப்படுவான். அவரிடம் பயின்ற மூன்ஸ்டர்பேர்க் அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார்; அவரிடம் பயின்ற சென்குப்தா கல்கத்தாவுக்கு வந்தார். 1916இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் உளவியற்றுறை தொடங்கியபோது, அது பரிசோதனை உளவியலாகவே தொடங்கியது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943இல் தனித்துறை அமைந்தது.

இடையில் மைசூர் வருகின்றது. 1924இல், பதுளைக்கு முதன்முதலாகப் புகைவண்டி வந்து சேர்ந்த அதே ஆண்டில், மைசூர் மகாராஜாக் கல்லூரியில் உளவியற்றுறை தொடங்கிற்று. அதன் தலைவர் எம். வி. கோபாலசுவாமி இலண்டனில் ஸ்பியர்மனிடம் பயின்று வந்தவர். உடலியக்கத் திறன்களை மனிதர் எவ்வாறு கற்கின்றனர் என்பது பற்றி அந்த ஆண்டிலேயே ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டவர். இந்தப் பேராசிரியர் செய்த மற்றொரு காரியத்தால் அவருடைய பெயர் உளவியல் அறியாதவர்களுக்கும் தெரியும். 1935இல் தம் இல்லத்திலேயே ஒரு சிறு வானொலி நிலையத்தை அவர் அமைத்தார். அதற்கு 'ஆகாசவாணி' என்று பெயர். பின்னாளில் இந்திய வானொலி முழுவதும் அந்தப் பெயரைத்தான் ஏற்றுக்கொண்டது. வீட்டிலிருக்கும் பொருளைக்கொண்டு ஒரு நிலையத்தையே நடத்தலாம் என்று கண்ட ஒருவரிடம், "கருவிகள் இல்லை, ஆகவே குறிப்புச் சொல்கின்றேன்" என்ற சமாதானம் எடுபட்டிருக்குமா என்று நாம் நினைத்துப் பார்ப்பதுண்டு.

ஏனெனில், இன்று எம்மவர் கூறும் சமாதானம் அதுவே. பதுளையில் ஆய்வுகூடத்துக்கு எங்கே போவது? எலிக்கும் கூண்டுக்கும் எங்கே போவது? (எலிக்குக் குறைவில்லை என்று ஒரு மாணவர் திருத்தினார், கூண்டுக்குத்தான் குறைவாம்.) எமது வகுப்பிலுள்ள கருவி முகம் மழிக்கும் கைக்கண்ணாடி ஒன்றேயாகும். அதன் கதையைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும்.

ஒரு தாளில் ஐந்து முனை நட்சத்திரம் ஒன்றை வரைந்து, அதனுள்ளே இன்னொரு சிறிய நட்சத்திரத்தையும் வரைந்துகொள்கின்றோம். இரண்டு கோடுகளுக்கும் இடையில் ஒரு விரல் அகலத்திற் குறைந்த பாதை கிடைக்கும். தாளுக்கு அப்பால் கண்ணாடியை நிமிர்த்தி வைக்கின்றோம். கையையும் தாளையும் நேரே பார்க்க முடியாதபடி, இரண்டு தடித்த புத்தகங்களின்மேல் ஓர் அட்டையைப் பந்தலாகப் போடுகின்றோம். இனி, கண்ணாடியை மட்டும் பார்த்துக்கொண்டு, இரண்டு கோடுகளையும் தொடாமல், பாதை வழியே பென்சிலால் ஒரு சுற்று வரவேண்டும். பார்ப்பதற்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். உட்கார்ந்தவருடைய நிலையோ பரிதாபம். முன்னே தள்ளும் கை கண்ணாடியிற் பின்னே வருகின்றது. முதல் முனை வந்ததும் பென்சில் நின்றுவிடுகின்றது. எந்தப் பக்கம் திரும்புவதென்று கைக்குத் தெரிவதில்லை. கணக்கிற் புலியான மாணவர் ஒருவர் வியர்த்து விறுவிறுத்துப் போவதை மற்றவர்கள் சுற்றி நின்று பார்த்துச் சிரிப்பர். அடுத்த முறை தாம் உட்காரும்போது அவர்களும் சிரிக்கமாட்டார்கள்.

பத்து முறை வரையச் செய்து, ஒவ்வொரு முறைக்கும் ஆன நேரத்தையும் கோட்டைத் தொட்ட தடவைகளையும் குறித்து வரைபு கீற வேண்டும். முதல் மூன்று முறைகளில் நேரம் விரைந்து இறங்கும். பின்னர் சிறிது சிறிதாக. கற்றல் வளையி என்று நூல்கள் வரைந்து காட்டும் அந்தக் கோடு இப்போது மாணவரின் சொந்தக் கையெழுத்திலேயே வந்துவிட்டது. இனி அதை மனனஞ் செய்யத் தேவையில்லை.

பிறகு ஒரு கேள்வி கேட்கின்றோம். "உம்முடைய கை கற்றுக்கொண்டது. என்ன கற்றுக்கொண்டது என்று சொல்லும் பார்க்கலாம்." சொல்ல வராது. அந்த இடத்தில்தான் ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்கரின் வரலாற்றைச் சொல்வது வழக்கம். காக்கைவலிப்பு நோய்க்காக 1953இல் அவருடைய மூளையில் சத்திர சிகிச்சை செய்யப்பட்டது. வலிப்புக் குறைந்தது, ஆனால் புதிய நிகழ்ச்சி எதையும் நினைவில் வைத்திருக்கும் ஆற்றல் போய்விட்டது. சற்று முன்னர் பேசியவரையும் அவர் புதியவராகவே பார்ப்பார். பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர் இதே நட்சத்திரத்தையும் கண்ணாடியையும் அவர் முன்னே வைத்தார். நாளுக்கு நாள் அவருடைய கை தேறியது. ஆயினும் ஒவ்வொரு நாளும், இப்படியொன்றை முன்பு செய்ததாக அவருக்கு நினைவே இல்லை. நினைவு என்பது ஒன்றன்று, பல என்று உளவியல் தெளிந்தது இத்தகைய ஆய்வுகளால். மொலேசன் 2008இற் காலமானார். அதுவரை அவருடைய பெயரைக் கூட வெளியிடாமல் காத்தனர்.

இதைச் சொல்லி முடித்ததும் வகுப்பிலிருந்து ஒரு குரல் வருகின்றது. ஓர் ஆசிரிய மாணவியின் பாட்டி முப்பது ஆண்டுக்கு மேல் கொழுந்து எடுத்தவர். இப்போது பேர்த்தியின் பெயரும் மறந்துவிட்டார். ஆனால் வாசலிலே நிற்கும் செடிக்கருகே விட்டால், விரல்கள் தாமாகவே துளிரையும் இரண்டு இலையையும் நாடிச் செல்கின்றனவாம். மொலேசனின் நோய் வேறு, பாட்டியின் நோய் வேறு என்பதைச் சொல்லத்தான் வேண்டும், சொன்னோம். ஆயினும் அந்தப் பெண் கேட்டது சரியான கேள்வி. அவ்வாரம் எல்லோருக்கும் ஒரே வேலை கொடுத்தோம்: கொழுந்து எடுக்கும் தாயையோ அத்தையையோ அணுகி, எந்தக் கொழுந்தை எடுப்பது, எதை விடுவது என்று எப்படித் தீர்மானிக்கின்றார் என்பதைக் கேட்டு எழுதி வரவேண்டும். கிடைத்த விடைகள் பெரும்பாலும் ஒரே மாதிரி: "பார்த்தாத் தெரியாதா?" சிலர் மட்டும் கூடவே நின்று பார்த்து, கண் அடுத்த செடிக்குப் போகும்போதே கை இந்தச் செடியில் முடித்துவிடுகின்றது என்று எழுதி வந்தனர். படிப்பில்லாதவர், அறியாதவர் என்று எழுதப்படும் பெண்களின் கைகளில் எவ்வளவு நுட்பமான கல்வி உறைந்திருக்கின்றது என்பதை எந்த விரிவுரையாலும் இப்படிக் காட்டியிருக்க முடியாது. கொழுந்து மடுவத்தில் தராசு நிறுப்பது கொழுந்தை மட்டுந்தானே.

கையின் நினைவைப் பார்த்தபின் சொல்லின் நினைவு. செருமானிய அறிஞர் எபிங்கௌஸ் தம்மையே சோதனைப் பொருளாக்கிக்கொண்டு, மறதியை அளந்து 1885இல் நூல் வெளியிட்டார். பொருளுள்ள சொற்களைப் பழைய அறிவு தாங்கிக்கொள்ளும் என்பதால், பொருளற்ற அசைகள் ஏறத்தாழ 2300 செய்துகொண்டு அவற்றை மனனஞ் செய்தார். தமிழில் அத்தகைய அசைகள் ஐம்பது செய்து வரும்படி மாணவரைப் பணித்தால், வகுப்பு ஒரு பட்டிமண்டபம் ஆகிவிடுகின்றது. கல், பல், சொல், நில், மண், பொன் என்று வாயைத் திறந்தாற் பொருள் வருகின்ற மொழி இது; ஓரெழுத்தாலான சொற்களே 42 உண்டென்று நன்னூல் கணக்கிட்டிருக்கின்றது. ஒருவர் பொருளற்றதென்று எழுதிய அசைக்கு மற்றொருவர் பொருள் சொல்கின்றார். "எங்கள் வீட்டு நாயின் பெயர் அது" என்று வேறொருவர் மறுக்கின்றார். மனம் எதையும் பொருளற்றதாக விட்டுவைக்காது என்பதைத்தான் அவர்கள் வாதிட்டு வாதிட்டுத் தாமே கண்டுபிடிக்கின்றனர். கேம்பிரிட்ஜ் அறிஞர் பாட்லட் 1932இல் எழுதிய நூலின் கருத்தும் ஏறத்தாழ இதுவே.

இந்த வேடிக்கைகளால் பரீட்சைக்கு என்ன பயன் என்று கேட்போர் உண்டு. மாணவரே கேட்கின்றனர்: "இது சோதனைக்கு வருமா, சேர்?" நியாயமான கேள்வி. வீட்டில் ஒருவருடைய சம்பளம் அந்தப் பிள்ளையின் பஸ் காசுக்காகப் போகின்றது. அதற்கு விடையையும் உளவியலிலேயே தேடுவது முறை. அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்னும் இருவர் கல்லூரி மாணவரிடையே நடத்திய ஆய்வு 2006இல் வெளிவந்தது. ஒரு சாரார் ஓர் உரைப்பகுதியை நான்கு தவணை மீண்டும் மீண்டும் படித்தனர். மற்றொரு சாரார் ஒரு தவணை படித்துவிட்டு, மூன்று தவணை தாளை மூடி வைத்து நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடத்தின் பின் சோதித்தபோது, படித்துக்கொண்டேயிருந்தவர் முந்தினர். ஒரு வாரத்தின் பின் சோதித்தபோதோ, அவர்களுக்கு நினைவிலிருந்தது நூற்றுக்கு 40 பங்கு. எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 பங்கு. பரீட்சைக்கு முதல்நாள் இரவு குறிப்பேட்டைத் திருப்பித் திருப்பி வாசிக்கும் பிள்ளைக்கு எல்லாம் தெரிந்ததுபோல் இருப்பதும், மண்டபத்தில் ஒன்றும் வராமற் போவதும் ஏன் என்பதற்கு இதிலே விளக்கம் இருக்கின்றது.

நன்னூலாரும் இதைத் தொட்டிருக்கின்றார். ஆசிரியர் சொன்னதை நன்றாகக் கேட்டுக்கொண்ட மாணவனுக்கும் புலமையிற் காற்பங்குதான் கைகூடும். உடன் பயில்வாரோடு பழகுவதால் இன்னொரு காற்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கு தான் பிறருக்கு எடுத்துரைக்கும்போதே நிரம்பும் என்பது அவர் கணக்கு. பவணந்தியார் எலியை ஓடவிட்டு அளந்தவரல்லர். ஆயினும் எண்ணூறு ஆண்டுக்கு முன் அவர் ஆசிரியருக்கு ஒதுக்கிய காற்பங்கை நாம் முழுப்பங்காக எடுத்துக்கொண்டு வகுப்பு முழுவதும் பேசிக்கொண்டிருக்கின்றோம் என்பது கவனிக்கத்தக்கது. ஆகவே எமது வகுப்பு வெற்றுத்தாளுடன் தொடங்குகின்றது. முதற் பத்து நிமிடம், சென்ற வாரம் நடந்ததை எவரும் எதையும் பாராமல் எழுதவேண்டும். அதற்குப் புள்ளி கிடையாது. பின்னர் நால்வர் நால்வராகப் பிரிந்து, ஆளுக்கொரு பகுதியைப் பொறுப்பேற்று மற்ற மூவருக்கும் கற்பிக்கவேண்டும். ஒருவருடைய பகுதி மற்றவருக்குக் கிடையாதாகையால், வாய் பேசாதவரையும் மற்றவர்கள் கெஞ்சிக் கேட்கின்றனர். 1971இல் அமெரிக்காவின் ஒஸ்ரின் நகரில், வெள்ளையர் பிள்ளைகளும் கறுப்பர் பிள்ளைகளும் ஒரே வகுப்பிற் சேர்ந்து பகைத்தபோது, அரொன்சன் என்ற உளவியலாளர் கையாண்ட உபாயம் இது. தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும், பட்டணத்தாரும் தோட்டத்தாரும் கூடும் பதுளை வகுப்புக்கும் அது பொருந்துகின்றது. இதற்கெல்லாம் நேரம் வேண்டும். பாடத்திட்டத்திற் சில அத்தியாயங்களை வீட்டு வாசிப்புக்கு விட்டுவிட வேண்டும். ஆளுமைக்கு அறிஞர் கூறிய ஏழெட்டு வரைவிலக்கணங்களை வகுப்பில் வாசித்துக் காட்டாததால் எவருக்கும் குடி முழுகிப் போய்விடாது.

இனி, "ஏறாது" என்ற அந்தச் சொல்லுக்கு வருவோம். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில், பரிசோதனை உளவியல் வகுப்பு மாணவர் பன்னிருவருக்கு ஆளுக்கு ஐந்து எலிகள் வீதம் கொடுக்கப்பட்டன. சிலருடைய எலிகள் வழி கண்டுபிடிப்பதில் கெட்டிக்கார வம்சம், மற்றவர்களுடையவை மந்த வம்சம் என்று சொல்லப்பட்டது. உண்மையில் எல்லாம் ஒரே வகை; பெயர் மட்டுமே வேறு. ஆயினும் கெட்டிக்கார எலிகள் என்று பெயர் பெற்றவையே நன்றாக ஓடின. அவற்றை மாணவர் மென்மையாகவும் விருப்புடனும் கையாண்டிருந்தனர். ரோசந்தால் என்பவரும் அவர் துணைவரும் 1963இல் வெளியிட்ட ஆய்வு இது. பின்னர் ரோசந்தால் இதே கருத்தைப் பாடசாலைப் பிள்ளைகளிடம் சோதித்து 1968இல் எழுதிய நூல் உலகப் புகழ் பெற்றது. அதன் முடிவுகளைப் பற்றி இன்றும் சர்ச்சை உண்டு. ஆசிரியரின் எதிர்பார்ப்புக்கு விளைவு உண்டு, ஆனால் முதலிற் சொல்லப்பட்ட அளவினதன்று என்பதே பலர் கருத்து. அந்தச் சர்ச்சையையும் மாணவர் அறியவேண்டும்.

எமக்கு எலி வேண்டியதில்லை. மழைக்காலத்தைப் பற்றி ஒரு சிறுமி எழுதிய கட்டுரையை ஒரே கையெழுத்தில் படியெடுத்து எல்லோருக்கும் கொடுத்து, இருபதுக்குப் புள்ளி இடச் சொல்கின்றோம். பாதிப்பேரின் தாளில் 'நகரப் பாடசாலை' என்றும், மீதிப்பேரின் தாளில் 'தோட்டப் பாடசாலை' என்றும் மேலே குறித்திருக்கும். அவர்களுக்கு அது தெரியாது. புள்ளிகளை இரண்டு நிரலாகக் கரும்பலகையில் எழுதிய பின்னரே உண்மையைச் சொல்கின்றோம். எல்லா வகுப்பிலும் நிரல்கள் ஒரே அளவில் வேறுபடுவதில்லை. வேறுபாடே காணாத வகுப்பும் உண்டு. அதையும் மறைக்காமல் எழுதுகின்றோம். சிறு கூட்டத்திற் கண்டதை உலகத்துக்கே உரிய விதியாக்கக் கூடாது என்பதும் பாடமல்லவா? ஆனால் வேறுபாடு தெளிவாகத் தெரிந்த ஒரு வகுப்பில், தோட்டத் தாளுக்கு மிகக் குறைந்த புள்ளி இட்ட இளைஞர் எழுந்து நின்றார். "நானும் லயத்திலே பிறந்தவன்தான், சேர்" என்றார். அதற்குமேல் அவர் பேசவில்லை. வகுப்பும் பேசவில்லை. அன்று நாம் குறிப்பு எதுவும் எழுதச் சொல்லவில்லை.

இத்தகைய முறைகளுக்கு ஓர் எல்லையும் உண்டு. வகுப்பைத் திடுக்கிடச் செய்வதே திறமை என்று எண்ணும் ஆசிரியர் ஆபத்தானவர். எவருடைய புள்ளி எவருடையது என்று நாம் பலகையில் எழுதுவதில்லை; அந்த இளைஞர் தாமாகவே எழுந்தார். ஏமாற்றி நடத்திய சோதனை எதுவாயினும், அந்த மணி முடியுமுன் உண்மையை விளக்கி, மனவருத்தம் தீரப் பேசிவிட வேண்டும். 1968இல் அமெரிக்க ஆசிரியை ஜேன் எலியட் கண்ணின் நிறத்தால் பிள்ளைகளைப் பிரித்து நடத்திய பாடம் உலகப் பிரசித்தம். நாமோ அதைப் பற்றிப் பேசுவோம், செய்துபார்க்கத் துணியமாட்டோம்.

அதிலும் எச்சரிக்கை வேண்டிய பாடம் ஒன்று உண்டு. இலங்கையிலே தற்கொலையால் இறந்தோர் தொகை 1995இல் இலட்சம் பேருக்கு 47 என்ற உச்சத்தை அடைந்தது. காரணம் என்ன என்று கேட்டால், மனவுறுதியின்மை, குடி, கோபம் என்று மாணவர் மனிதரின் குணத்தையே அடுக்குவர். பத்து ஆண்டில் அத்தொகை ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்தது. அந்தப் பத்தாண்டில் நாட்டு மக்களின் குணம் மாறிவிட்டதா? போரும் வறுமையும் குடியும் ஒழிந்துவிட்டனவா? மிகக் கொடிய பூச்சிநாசினிகளின் இறக்குமதியைப் படிப்படியாகத் தடைசெய்ததே பெரும் காரணம் என்பது ஆய்வாளர் முடிவு. ஆபத்தான வேளையில் நஞ்சு கைக்கெட்டாமற் போனதால் உயிர்கள் தப்பின. பிறர் செயலுக்கு அவர் குணத்தையே காரணமாகக் கண்டு சூழ்நிலையை மறக்கும் சாய்வை லீ ரொஸ் என்பவர் 1977இல் விரித்துரைத்தார். அதை விளக்க இதனினும் நல்ல உதாரணம் எம் நாட்டில் இல்லை. ஆயினும், முன்வரிசையில் இருப்பவரின் வீட்டிலேயே அத்துயரம் நேர்ந்திருக்கலாம். ஆகவே இன்ன வாரம் இந்தப் பாடம் என்று முன்னதாக அறிவிக்கின்றோம். வர விரும்பாதவரைக் காரணம் கேட்பதில்லை. எவரையும் தம் குடும்பத்தைப் பற்றிப் பேசச் சொல்வதில்லை. வகுப்பு முடிந்தபின் மேசையை விட்டு உடனே எழுந்து போவதுமில்லை. பலமுறை, மூன்றாவது பஸ்ஸும் போன பிறகுதான் ஒருவர் தயங்கித் தயங்கி வந்து நிற்பார்.

வாசகர்களுக்கு ஒரு வேலை. நட்சத்திரத்தை வீட்டிலும் வரைந்து பார்க்கலாம். தாத்தா, பாட்டி, பள்ளிப் பிள்ளைகள் யாவரும் சேரலாம். கண்ணாடி சாயாமல் நிற்க ஒரு செங்கல்லைப் பின்னே வையுங்கள். கைக்கு மேலே அட்டையை மறவாதீர்கள். வலக்கைப் பழக்கமுள்ள ஒருவர் முதலில் வலக்கையால் ஒரு முறை வரைந்து நேரத்தைக் குறிக்கட்டும். பின்னர் இடக்கையால் பத்து முறை. அதன் பின் மீண்டும் வலக்கையால் ஒரு முறை. இடையிலே ஒரு கோடும் வரையாத வலக்கையின் நேரம் முன்னையிலும் நன்றாகக் குறைந்திருக்கக் காண்பீர்கள். இடக்கை கற்றதை வலக்கைக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்பதை வரும் ஞாயிறு பார்ப்போம். அதுவரையில் காலையில் முகம் மழிக்கும் அப்பாவுக்கு அந்தக் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.